உண்மை தெரியும்... சட்டம் எப்போது?

அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்கள் ஏன் அதிகம் இறக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சட்டம் எழுதும் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்க்க அரை நூற்றாண்டாக நடந்துவரும் முயற்சி பற்றியும், இப்போது அதற்கு வந்திருக்கும் சோதனை பற்றியும் ஒரு கவர் ஸ்டோரி.

2017 ஜனவரி, அட்லாண்டா. குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆன ஒரு பெண் மறுபடியும் மருத்துவமனைக்குக் கிளம்புகிறார். சிசேரியன் தையல் போட்ட இடத்தில் வலி. கால்கள் வீங்கியிருக்கின்றன. பிரஷர் இறங்க மறுக்கிறது. இதற்கு முன்பும் பலமுறை போய்க் காட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தமுறை பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று இரவே வீட்டில் மயங்கி விழுந்தார். ஜனவரி 28 அன்று உயிர் போனது. வயது 36.

அவர் டாக்டர் ஷலான் இர்விங். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யில் விஞ்ஞானி. சமூகவியலிலும் முதுமையியலிலும் சேர்த்து முனைவர் பட்டம் வாங்கியவர். பொதுச் சுகாதாரப் படையில் சீருடை அணிந்த அதிகாரி. நிறமும் வறுமையும் வன்முறையும் ஒரு மனிதரின் உடம்பை எப்படி நோய்க்குத் தள்ளுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கறுப்பினத் தாய்மார்கள் பிரசவத்தை ஒட்டி இறப்பது வெள்ளையினத் தாய்மார்களைவிட மூன்று மடங்கு என்பது, நாட்டில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், அவருக்குத் தெரியும். நல்ல காப்பீடு இருந்தது, படிப்பு இருந்தது, எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற விவரமும் இருந்தது. அப்படியும் அந்தக் கணக்கில் அவரே ஓர் எண்ணாகிப் போனார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரோடு படித்த தோழி லாரன் அண்டர்வுட், செவிலியர். 2018 தேர்தலில் இல்லினாயிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். அடுத்த ஏப்ரலிலேயே ஆல்மா ஆடம்ஸுடன் சேர்ந்து கறுப்பினத் தாய்மார் நலனுக்கென ஓர் உறுப்பினர் குழுவைத் தொடங்கினார். 2020 மார்ச்சில், பல மசோதாக்களை ஒரே கட்டாகச் சேர்த்து ‘மாம்னிபஸ்’ என்ற பெயரில் தாக்கல் செய்தார்கள். செனட்டில் அதைக் கொண்டுவந்தவர் கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்து, அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வாழ்நாளைக் கொடுத்த சியாமளா கோபாலனின் மகள்.

அந்தக் கட்டிலிருந்து முதலில் சட்டமானது, முன்னாள் ராணுவப் பெண்களின் பிரசவப் பராமரிப்புக்கான மசோதா. 2021 நவம்பர் 30 அன்று கையெழுத்தானது. மற்றவை பல வருடமாக வாசலிலேயே நிற்கின்றன.

மூன்று மடங்கு என்ற கணக்கு நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. ஆய்வுக் கட்டுரைகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. கட்டுரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் உயிர்களை வாங்குகிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க அமெரிக்கா கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, ஆராய்ச்சியாளரையே ஒரு வருடத்துக்குச் சட்டம் எழுதும் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது. ‘பாலிசி ஃபெலோஷிப்’ என்பது இதுதான்.

முப்பது வருடம் காத்திருந்த கண்டுபிடிப்பு

கொரோனா காலத்தில் நம் வீடுகளிலும் ஆக்சிமீட்டர் வந்து சேர்ந்தது. விரலை நுழைத்து, எண் 94-க்குக் கீழே போகிறதா என்று நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே கருவி கறுத்த தோலில் தவறாகக் காட்டக்கூடும் என்பது 1990-லேயே மருத்துவ இதழில் அச்சான விஷயம். 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் இன்னோர் ஆய்வுக்குழு அதையே சொன்னது. யாரும் அசையவில்லை. கருவி உலகம் முழுக்க விற்றது.

2020 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மானுடவியல் பேராசிரியர் ஏமி மோரன்-தாமஸ் இந்தப் பழைய ஆய்வுகளைத் தோண்டியெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கருவி ‘எல்லாம் சரி’ என்று சொன்ன நேரத்தில் ரத்தத்தில் உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்த வருட டிசம்பரில் முடிவு வெளியானது. படுக்கை கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்து கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

அதன்பிறகு நடந்த வேகம் வேறு. 2021 ஜனவரியில் செனட்டர்கள் எலிசபெத் வாரன், கோரி புக்கர், ரான் வைடன் மூவரும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்குக் கடிதம் எழுதினார்கள். பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. 2025 ஜனவரியில் புதிய நெறிமுறையின் வரைவு வந்தது. முன்பு பத்துப் பேரிடம் சோதித்தாலே போதும், அதில் கறுத்த தோல் உள்ளவர் இரண்டு பேர் இருந்தால் சரி. வரைவின்படி குறைந்தது 150 பேரிடம், எல்லா நிறத்தவரிடமும் சோதிக்க வேண்டும்.

1990-க்கும் 2020-க்கும் நடுவே மாறியது அறிவியல் என்று சொல்ல முடியாது. 1990-ல் தெரிந்ததுதான் 2020-லும் தெரிந்தது. ஆய்வை எடுத்துக்கொண்டு அதிகாரத்தில் இருப்பவரிடம் போய், ‘இதில் நீங்கள் செய்ய வேண்டியது இது’ என்று சொல்ல ஆள் கிடைத்ததுதான் மாற்றம். செனட்டர்களின் கடிதங்களை எழுதுவது பெரும்பாலும் அவர்களுடைய அலுவலக ஊழியர்கள். அந்த அறையில் மருத்துவ ஆய்வைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் இருப்பதும் இல்லாததும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஒரு வருடம், ஒரு மேசை

பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் அதிகபட்சம் 18 முழுநேர ஊழியர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் சொந்தத் தொகுதியில் இருப்பவர்கள் போக, வாஷிங்டனில் சட்ட வேலை பார்ப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். சுகாதாரத்தைக் கவனிக்கும் இளைஞரே கல்வியையும் முன்னாள் ராணுவத்தினர் நலனையும் சேர்த்துக் கவனிப்பார். மருந்து நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் தினம் கதவைத் தட்டும். எழுதித் தயாராக வைத்த திருத்தத்தோடு வருவார்கள். ஏழை நோயாளி தரப்பில் அப்படி வர யார் இருக்கிறார்கள்? நாடாளுமன்றமான காங்கிரஸுக்கென்று இருந்த தொழில்நுட்ப ஆய்வு அலுவலகத்தையும் 1995-ல் மூடிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஃபெலோ வந்து உட்காருகிறார். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகவோ, மருத்துவராகவோ, செவிலியர் ஆய்வாளராகவோ இருப்பவர். ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் சுகாதாரக் கொள்கை ஃபெலோஷிப் 1973-ல் தொடங்கியது. தேசிய மருத்துவ அகாடமி நடத்துகிறது. செப்டம்பரில் வாஷிங்டனுக்கு வருவார்கள். முதல் சில மாதம் அரசுத் துறைகள், பட்ஜெட் அலுவலகம், கமிட்டிகள் என்று ஒவ்வோர் இடமாக அழைத்துப்போய்ப் பழக்குவார்கள். பிறகு எந்த உறுப்பினரின் அலுவலகத்தில், எந்தக் கமிட்டியில் வேலை பார்ப்பது என்று அவர்களே நேர்முகத்துக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும். ஜனவரி முதல் முழுநேர வேலை.

வேலை என்றால் என்ன? முப்பது பக்க ஆய்வை ஒரே பக்கக் குறிப்பாகச் சுருக்குவது. நாளைக் காலை விசாரணையில் உறுப்பினர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை இன்று இரவுக்குள் எழுதுவது. தொகுதியிலிருந்து வந்த தாய்மார் குழுவைச் சந்தித்துக் குறிப்பெடுப்பது. மசோதாவில் ‘செய்யலாம்’ என்றிருப்பதைச் ‘செய்ய வேண்டும்’ என்று மாற்றக் கோரி எதிர்க்கட்சி அலுவலகத்தின் ஊழியரோடு மல்லுக்கட்டுவது. ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய அதிர்ச்சி. எந்த முடிவுக்கும் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதிப் பழகியவர், ‘பட்ஜெட்டில் எவ்வளவு ஆகும், யார் எதிர்ப்பார்கள், வியாழக்கிழமைக்குள் சொல்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அதிர்ச்சிதான் படிப்பு என்பேன். சட்டம் எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்து ஒருமுறை பார்த்தவர், ஊர் திரும்பியபின் தன் ஆராய்ச்சிக் கேள்வியையே வேறுவிதமாக அமைப்பார். ‘ஏற்றத்தாழ்வு இருக்கிறதா’ என்று மறுபடியும் அளந்துகொண்டிருக்க மாட்டார். எந்த விதியை மாற்றினால் அது குறையும் என்று தேடுவார்.

பெட்டிச் செய்தி: கடந்து வந்த பாதை

1899: கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் ஃபிலடெல்ஃபியா நகரில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு நூலாகிறது. நோய்க்கும் சாவுக்கும் காரணம் இனம் என்று சொன்ன காலத்தில், வாழும் நிலைமைதான் காரணம் என்று காட்டினார்.

1932-1972: அலபாமாவின் டஸ்கீகியில், சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே அரசு மருத்துவர்கள் நாற்பது வருடம் ‘கவனித்து’ வந்தார்கள். மருத்துவ ஆராய்ச்சி என்றாலே கறுப்பின மக்கள் பின்வாங்குவதற்கான வேர்களில் இதுவும் ஒன்று.

1985: ரீகன் அரசின் சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரில் வருடத்துக்கு 60,000 பேர் அநியாயமாகக் கூடுதலாக இறப்பதாகக் கணக்கிட்டது. மறுவருடமே சிறுபான்மையினர் சுகாதார அலுவலகம் உருவானது.

2000: சுகாதார ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கென்று தேசிய சுகாதார நிறுவனங்களான என்.ஐ.எச்.சுக்குள் ஒரு மையம் அமைக்கச் சட்டம். 2010-ல் அது முழு நிறுவனமானது.

2003: வருமானமும் காப்பீடும் ஒன்றாகவே இருந்தாலும் சிறுபான்மையினருக்குக் கிடைக்கும் சிகிச்சையின் தரம் தாழ்ந்தே இருக்கிறது என்று மருத்துவக் கழகத்தின் பெரிய அறிக்கை நூலாக வந்தது.

க்ளினிக்கில் காத்திருந்த சிறுமி

தெற்கு டகோட்டாவில் வளர்ந்த ஒரு பழங்குடிச் சிறுமி. ரோஸ்பட் சூ இனம். உடம்பு சரியில்லை என்றால் பழங்குடியினருக்கான அரசு க்ளினிக்குக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே தன் இனத்து மருத்துவர் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. அதனாலேயே மருத்துவராக வேண்டும் என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் டாக்டர் இவெட் ரூபிடோ.

ஹார்வர்டில் மருத்துவம் படித்தார். பழங்குடிப் பகுதிகளில் வேலை பார்த்தார். பிறகு காமன்வெல்த் ஃபண்டும் ஹார்வர்டும் சேர்ந்து 1996-ல் தொடங்கிய சிறுபான்மையினர் சுகாதாரக் கொள்கை ஃபெலோஷிப்பின் ஆரம்பகால அணியில் சேர்ந்தார். அதை உருவாக்கி நடத்தியவர் டாக்டர் ஜோன் ரீட், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் டீன் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். மருத்துவர்களுக்கு ஒரு வருடம் பொதுச் சுகாதாரமோ பொது நிர்வாகமோ முதுகலையாகச் சொல்லிக்கொடுத்து, கொள்கை வகுப்பவர்களோடு நேரடியாகப் பழகவிடும் திட்டம்.

2009-ல் ரூபிடோ, சிறுவயதில் தான் காத்திருந்த க்ளினிக்குகள் அத்தனைக்கும் தலைமை அமைப்பான இந்தியன் ஹெல்த் சர்வீஸின் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதற்கு முன்பே பழங்குடியினருக்கான சிறப்பு நீரிழிவுத் திட்டத்தில் பெரும்பங்கு ஆற்றியிருந்தார். 1997-ல் காங்கிரஸ் போட்ட திட்டம் அது. பணத்தைக் கொடுத்து, எப்படிச் செலவழிப்பது என்பதை அந்தந்தப் பழங்குடி மக்களே முடிவுசெய்யட்டும் என்று விட்டார்கள். ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை, வீட்டுக்கே வந்து பார்க்கும் சுகாதார ஊழியர். 1996-க்கும் 2013-க்கும் இடையே, நீரிழிவால் சிறுநீரகம் செயலிழப்பது பழங்குடியினரிடையே 54 சதவீதம் குறைந்தது. வேறு எந்த இனத்தவரிடமும் இவ்வளவு சரிவு இல்லை. டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் கழிக்க வேண்டியிருந்த ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

இதெல்லாம் ஃபெலோஷிப் செய்த அற்புதம் என்று நான் எழுதினால் அது பொய். பழங்குடித் தலைவர்களின் பல வருடப் போராட்டம் அதில் இருக்கிறது. ஆனால் காத்திருந்த சிறுமியே இயக்குநரின் நாற்காலிக்கு வரும் பாதையில் அந்த ஒரு வருடம் ஒரு முக்கியமான படி. அதே ஃபெலோஷிப்பில் படித்த டாக்டர் ஜோசப் பெட்டன்கோர்ட், 2003 அறிக்கையை எழுதிய குழுவில் இருந்தார். 2023-ல் காமன்வெல்த் ஃபண்டுக்கே தலைவரானார்.

ஒரு கணக்கு, பதினான்காயிரம் பேர்

விதி ஒன்று மாறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சிறுநீரகக் கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையிலிருந்து ஒரு சூத்திரம் போட்டுக் கணிப்பார்கள். பல வருடமாக அமெரிக்காவில் அந்தச் சூத்திரத்தில் ‘நோயாளி கறுப்பினத்தவரா’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்றால், விடையை ஏறக்குறைய 16 சதவீதம் கூட்டிவிடும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் காத்திருப்புக் காலம் கணக்காக வேண்டுமென்றால் அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். வெள்ளையருக்கு 18 என்று வந்து வரிசையில் இடம் கிடைக்கும் அதே ரத்தம், கறுப்பினத்தவருக்கு 21 என்று காட்டும். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

மருத்துவ மாணவர்கள் எதிர்த்தார்கள். 2020-ல் காங்கிரஸ் கமிட்டித் தலைவர் ரிச்சர்ட் நீல் மருத்துவச் சங்கங்களிடம் விளக்கம் கேட்டார். 2021 செப்டம்பரில் சிறுநீரக மருத்துவர்களின் குழு இனத்தைக் கணக்கிலிருந்து நீக்கிய புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2022-ல் உறுப்பு ஒதுக்கீட்டு அமைப்பு பழைய சூத்திரத்தைத் தடை செய்தது. அதோடு நிற்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் தொட்ட விஷயம். பழைய கணக்கால் காலம் இழந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் சிறுநீரக மாற்று செய்யும் எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவு. அடுத்த வருட வசந்தத்துக்குள் 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகள் வரிசையில் முன்னே நகர்ந்தார்கள், சராசரியாக இரண்டு வருடம். டயாலிசிஸில் இருப்பவருக்கு இரண்டு வருடம் என்றால் அது உயிர்.

நம் இதயத்துக்கும் ஒரு மசோதா

தமிழ் வாசகர், ‘இதெல்லாம் அவர்கள் பிரச்சினைதானே’ என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் தெற்காசியரின் இதயம் பற்றி 2010 முதல் நடந்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. பெயரே ‘மசாலா’. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் சுமார் 900 பேரைச் சேர்த்து ஆரம்பித்தார்கள். எடை அதிகம் இல்லாத உடம்பிலும் ஈரலில் கொழுப்பு, குறைந்த தசை, சீக்கிரமே வரும் சர்க்கரை. நம் வீடுகளில் நாற்பதுகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களை நினைத்துக்கொண்டால் இந்த முடிவுகள் புதிதாக இராது. ‘ஆசியர்’ என்ற ஒரே பட்டியலில் சீனரையும் ஜப்பானியரையும் நம்மையும் போட்டுச் சராசரி எடுத்தால், இந்த ஆபத்து முழுக்க மறைந்துபோகும். நிறையக் காலம் அப்படித்தான் மறைந்தது.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், வாஷிங்டன் மாநிலத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினர். தெற்காசியர் இதய நல மசோதாவை 2017-ல் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபை அதை 2020-லும் நிறைவேற்றியது, 2022 ஜூலையிலும் நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட்டில் தேங்கிவிட்டது. ஆய்வு இருந்து, கொண்டுவர ஆளும் இருந்து, பாதி தூரம் போன கதை.

பெட்டிச் செய்தி: யாருக்கு, எங்கே?

அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் அறிவியல் கொள்கை ஃபெலோஷிப் 1973-ல் ஏழு பேரோடு தொடங்கியது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் காங்கிரஸிலும் அரசுத் துறைகளிலும் ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்க்கலாம். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். எச்-1பி விசாவில் ஆய்வகத்தில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறக்காது.

ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 2016-ல் தொடங்கிய ‘ஹெல்த் பாலிசி ரிசர்ச் ஸ்காலர்ஸ்’ முனைவர் பட்ட மாணவர்களுக்கானது. பொருளாதாரமோ நகரத் திட்டமிடலோ, எந்தத் துறையில் படித்தாலும் சரி. அந்தப் படிப்பைச் சுகாதாரக் கொள்கையோடு இணைக்கக் கற்றுத்தரும்.

அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி, முன்னாள் சர்ஜன் ஜெனரல் டேவிட் சாட்சர் பெயரிலான நிறுவனம் மூலம் சுகாதாரத் தலைமைப் பயிற்சி தருகிறது.

கலிஃபோர்னியாவில் சேக்ரமென்டோ சட்டமன்றத்துக்கென்றே தனி அறிவியல் ஃபெலோஷிப் உண்டு.

2025: கத்தரி விழுந்தது

ஏற்றத்தாழ்வை ஆராய்பவர்களுக்கு முன்பும் பணம் தாராளமாகக் கிடைத்ததில்லை. கறுப்பின விஞ்ஞானிகளுக்கு என்.ஐ.எச். மானியம் குறைவாகக் கிடைப்பதை 2011-லேயே ஓர் ஆய்வு காட்டியது. 2019-ல் இன்னோர் ஆய்வு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது: அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்பால் வருகிறது. சமூகத்தை, மக்களை நேரில் ஆராயும் தலைப்புகளுக்கு மதிப்பெண் குறைந்தது. செல்லையும் மூலக்கூறையும் ஆராய்ந்தால் கூடியது.

2025-ல் நிலைமை தலைகீழாகச் சரிந்தது. டிரம்ப் அரசு, பன்மைத்துவம், சமத்துவம் தொடர்பானவை என்று முத்திரை குத்தி நூற்றுக்கணக்கான என்.ஐ.எச். மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. ஆராய்ச்சிக்கு வந்த நோயாளிகள், சம்பளம் எதிர்பார்த்திருந்த மாணவர்கள், பாதியில் நின்ற தரவு. ஏப்ரலில் சுகாதாரத் துறையில் பெருமளவு ஆட்குறைப்பு. தாய்மார்களிடம் பிரசவ அனுபவத்தைக் கேட்டு 1987 முதல் சி.டி.சி. திரட்டிவந்த ‘ப்ராம்ஸ்’ கணக்கெடுப்பின் குழுவையே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷலான் இர்விங்கின் மரணம் போன்றவற்றை எண்ணிப்பார்க்க நாட்டுக்கு இருந்த கண்களில் அது ஒன்று. அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் யோசனையில், 2000-ல் சட்டம் போட்டு உருவாக்கிய ஏற்றத்தாழ்வு ஆய்வு நிறுவனத்தையே ஒழித்துவிட அரசு கேட்டது.

2025 ஜூனில் பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங் மானிய ரத்து சட்டவிரோதம் என்றார். 1985-ல் ரீகன் நியமித்தவர் அவர். நீதிபதியாக இருந்த நாற்பது வருடத்தில் அரசே இப்படி இனப் பாகுபாடு காட்டி நான் பார்த்ததில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மானியங்களை நிறுத்திவைக்க அரசை அனுமதித்தது. பணத்துக்கான வழக்கை வேறு நீதிமன்றத்தில் போடச் சொன்னது.

இதில் ஒரு பாடம் எனக்குக் கசப்பாகவே படுகிறது. ஃபெலோஷிப்புகள் பல தனியார் அறக்கட்டளைப் பணத்தில் நடப்பவை. அவற்றை ஓர் அரசாணையால் நிறுத்த முடியாது. ஆனால் ஃபெலோ எடுத்துப்போக வேண்டிய தரவு அரசிடமிருந்து வருவது. ‘ப்ராம்ஸ்’ இல்லாவிட்டால், வாஷிங்டன் மேசையில் உட்கார்ந்திருக்கும் மிகச் சிறந்த ஆராய்ச்சியாளரிடமும் காட்ட ஒன்றும் இருக்காது.

குறைகளும் உண்டு. அறக்கட்டளையின் பணத்தில் வருபவர் அறக்கட்டளையின் விருப்பத்தைத்தான் பேசுவார் என்ற சந்தேகம் காங்கிரஸில் எப்போதும் உண்டு. இதைப் புறந்தள்ள முடியாது. யாருடைய பணம் என்று ஒவ்வொரு ஃபெலோவும் திறந்து சொல்வதே அதற்கு மருந்து. பல்கலைக்கழகங்களோ பதவி உயர்வுக்கு இதழ்களில் வந்த கட்டுரைகளை எண்ணுகின்றன. ஒரு மசோதாவின் வரியை மாற்றியதற்கு மதிப்பெண் இல்லை. இளம் ஆராய்ச்சியாளர், அதிலும் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர், ஒரு வருடத்தைப் பணயம் வைக்கத் தயங்குவது நியாயம்தான். நான் இதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன்.

அடுத்த களம் மாநிலத் தலைநகரங்கள்

வாஷிங்டனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி உண்மை விட்டுப்போகும். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு, அமெரிக்காவில் பத்துப் பிரசவத்தில் ஏறக்குறைய நான்கின் செலவை ஏற்கிறது. முன்பு, கர்ப்பத்தால் காப்பீடு பெற்றவர்களுக்குப் பிரசவமாகி 60 நாளில் அது முடிந்துவிடும். கர்ப்பம் தொடர்பான மரணங்களில் பாதிக்கும் மேல், குழந்தை பிறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் நிகழ்கிறது என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2021-ல் வந்த ஒரு சட்டம், காப்பீட்டை ஒரு வருடம்வரை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. 2022 இறுதியில் அது நிரந்தரமானது. முடிவு மாநிலத்தின் கையில். கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் நீட்டித்துவிட்டன. இருந்தும் 2023-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேரும் கறுப்பினத் தாய்மார் 50.3 பேரும் இறந்தார்கள்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டத்தால் 2034-க்குள் மேலும் ஒரு கோடி பேர் காப்பீடு இழப்பார்கள் என்பது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகக் கணிப்பு. மெடிக்கெய்டில் இருக்கும் பெரியவர்கள் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை பார்ப்பதைக் காட்ட வேண்டும். 2027 ஜனவரிக்குள் நடைமுறைக்கு வந்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் விலக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்த விலக்கை எந்தப் படிவத்தில், எந்தச் சான்றோடு, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பதை மாநிலங்கள் எழுத வேண்டும்.

இதற்கு முன்னோட்டம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2018-ல் ஆர்கன்சாஸ் இதே நிபந்தனையைக் கொண்டுவந்தது. மாதாமாதம் இணையதளத்தில் பதிய வேண்டும். அந்த இணையதளத்தை இரவு ஒன்பது மணிக்கு மூடிக் காலை ஏழு மணிக்குத் திறந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவரும், இன்டர்நெட் வசதியில்லாத கிராமத்தவரும் மாட்டிக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீடு இழந்தார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது வேலைவாய்ப்பு கூடவில்லை. காப்பீடு இழந்தவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

அந்த ஆய்வைச் செய்தவர்களிடமும், படித்தவர்களிடமும் எந்த வரியில் மக்கள் விழுவார்கள் என்ற விவரம் இருக்கிறது. படிவங்களை எழுதும் அலுவலகங்கள் ஐம்பது தலைநகரங்களில் இருக்கின்றன. சேக்ரமென்டோவில் உள்ளதைப் போன்ற ஃபெலோஷிப் ஒரு சில மாநிலங்களில்தான் நடக்கிறது. பிரசவித்த தாய்க்கு ஒரு வருடக் காப்பீட்டை 2025 வரையிலும் நீட்டிக்காத வெகுசில மாநிலங்களில் ஆர்கன்சாஸும் ஒன்று.